பாஸ்போ ஏகேடி பேண்ட் வரவில்லையா? ஆன்டிபாடியை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற தாளில் ஏற்றி, ஆன்டிபாடியால் தேடும் சோதனை) பேண்ட், அதாவது புரதம் இருப்பதைக் காட்டும் கோடு, வரவில்லை என்றால் எல்லாரும் முதலில் ஆன்டிபாடியைத்தான் சந்தேகப்படுவார்கள். வண்ணாரப்பேட்டையில் எங்கள் சின்ன லேபிலும் அப்படித்தான், புது ஆன்டிபாடிக் குப்பி வாங்கிப் போட்டும் மெம்பிரேன் காலியாகவே இருந்தது. கோளாறு நாங்கள் செல்லை எடுத்த விதத்தில் இருந்தது.

ஏகேடி, செல்லை வளரச் சொல்லும், சாகவிடாமல் தாங்கும் சிக்னல் புரதம். பல புற்றுநோய்களில் அடங்காமல் வேலை செய்துகொண்டே இருக்கும். அதன் 473ஆம் இடத்துச் செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஒட்டியிருந்தால்தான் பாஸ்போ ஏகேடி ஆன்டிபாடி அதைப் பிடிக்கும். செல்லை உடைத்த அந்த நிமிடமே உள்ளிருக்கும் பாஸ்படேஸ் என்சைம்கள் பாஸ்பேட்டைக் கழற்றத் தொடங்கிவிடும், அதுவும் கரண்ட் போய் ஏசி நின்ற மே மாத மத்தியானத்தில் கேட்கவே வேண்டாம்.

அதனால் ஐஸை முதலில் தயார் செய்யுங்கள். நாங்கள் காசிமேட்டில் மீனுக்கு உடைத்துத் தரும் ஐஸைத்தான் தெர்மாகோல் பெட்டியில் வாங்கி வருகிறோம். அதன் மேல் ஒரு அலுமினியத் தட்டு, தட்டின் மேல் செல் பிளேட்; உருகிய தண்ணீர் பிளேட்டுக்குள் போகாது. மீடியத்தை உறிஞ்சி எடுத்து, குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் ஒரு முறை கழுவி, உடனே செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரை ஊற்றுங்கள். பஃபரில் பாஸ்படேஸ்களைத் தடுக்கும் சோடியம் ஃபுளோரைடும் ஆர்த்தோவனடேட்டும் அன்றைக்கே சேர்த்ததாக இருக்கட்டும்.

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மெம்பிரேனை பிளாக் செய்யப் பால் பவுடர் வேண்டாம். பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் ஒட்டிய புரதம், பேக்ரவுண்டு ஏறிவிடும். டிபிஎஸ்டி என்ற கழுவும் பஃபரில் 5% பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) போடுங்கள், ஆன்டிபாடியை அதிலேயே 1:1000 கலந்து 4 டிகிரியில் ராத்திரி முழுக்க விடுங்கள். குப்பியோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதல் ஆன்டிபாடியைப் பிடித்து சிக்னல் தரும், ஹெச்ஆர்பி என்சைம் ஒட்டிய செகண்டரி ஆன்டிபாடியைக் கலக்கும் கரைசலில் சோடியம் அசைடு துளிகூட இருக்கக் கூடாது, என்சைம் செத்துவிடும்.

கன்ட்ரோல் இல்லாத பிளாட்டை நான் நம்ப மாட்டேன். பிசி-3 என்ற புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்லில், ஏகேடியை அடக்கிவைக்கும் பிடென் புரதம் இல்லாததால் சிக்னல் தானாகவே பலமாக வரும், அது ஒரு லேனில் (ஜெல்லின் ஒரு வரிசையில்) இருக்கட்டும். அதே செல்லுக்கு, ஏகேடி சிக்னலை நிறுத்தும் வோர்ட்மானின் மருந்தைக் கொடுத்து அடுத்த லேனில் போட்டால், 60 கிலோடால்டன் பக்கம் இருந்த பேண்ட் மங்க வேண்டும். மங்கவில்லை என்றால், சரி, அப்போது ஆன்டிபாடியைச் சந்தேகப்படலாம். அப்புறம் மெம்பிரேனை ஸ்டிரிப் செய்து, அதாவது ஒட்டிய ஆன்டிபாடியைக் கழற்றிவிட்டு, மொத்த ஏகேடியையும் பாருங்கள். புரதமே குறைந்ததா, பாஸ்பேட் மட்டும் போனதா என்பது அதில்தான் தெரியும்.