கோவ் துறைமுகத்தைப் பழைய பெயரில் தேடுங்கள்

அயர்லாந்தின் கோவ் நகரைப் பற்றிய பழைய படம், வரைபடம், பயணிகள் பட்டியல் எது வேண்டுமானாலும் ‘குயின்ஸ்டவுன்’ என்று தேடுங்கள். 1849-இல் விக்டோரியா மகாராணி வந்து இறங்கியதை ஒட்டி ஊருக்கு வைத்த பெயர் அது. 1920 வரை நீடித்தது. டைட்டானிக் 1912 ஏப்ரல் 11 அன்று கடைசியாக நின்ற துறை, அமெரிக்கக் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் முதலில் பதிவான ஆனி மூர் 1891-இல் கப்பலேறிய இடம், எல்லாம் ஆவணங்களில் குயின்ஸ்டவுன்தான். 1868-இல் தொடங்கி 1919-இல் முடிந்த புனித கோல்மன் பேராலய வேலையும் இந்தக் காலத்துக்குள் அடக்கம்.

1849-க்கு முந்தைய சங்கதிக்கு இது உதவாது. அப்போதும் கோவ்தான், ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டலில். இன்றைய பெயர் ஐரிஷ் முறை: தட்டும்போது கடைசியில் ‘வி, இ’ இல்லை, ‘பி, எச்’.