யானையை மாற்றும் முன் எண்ணிப் பாருங்கள்: செஸ்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மழை பிடித்துவிட்டால் மைதானம் இல்லை. வீட்டுக்குள் செஸ் பலகைதான். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது, 2024-இல் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அந்த உற்சாகத்தில் ஆட வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் முன்பு ஆடியவர்கள் செய்த அதே பிழைகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். ராணியைச் சும்மா கொடுப்பது, பின்வரிசையில் மேட் வாங்குவது இதெல்லாம் ஆடஆடத் தானாகக் குறையும். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓப்பனிங்கை மனப்பாடம் செய்வது

கறுப்பு ஆடும் சிசிலியன் நைடார்ஃப் என்ற ஓப்பனிங்கில் பதினைந்து நகர்த்தல் ஒப்பிக்கத் தெரியும். எதிராளி இரண்டாவது நகர்த்தலிலேயே சிப்பாயை சி3-க்குத் தள்ளினால் கை நின்றுவிடும். (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசை, ஏ முதல் எச் வரை; எண் குறுக்கு வரிசை, வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரை.) வெள்ளைக்கு ஒரு ஓப்பனிங், கறுப்பில் எதிராளியின் இ4-க்கு ஒரு பதில், டி4-க்கு ஒரு பதில், ஆக மூன்று போதும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எதிரே ‘ஏன்’ என்று ஒரு வரி நோட்டில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்த நகர்த்தல் இன்னும் புரியவில்லை.

யானையை அவசரமாக மாற்றிக்கொள்வது

எனக்கு இன்றும் எரிச்சல் தருகிற தவறு இது. ஒரு சிப்பாய் குறைவாக இருந்துகொண்டு, யானையை வைத்து இரண்டு மணி நேரம் பிடித்துநிற்பார்கள். பிறகு களைப்பில், ‘காய் குறைந்தால் டிரா’ என்ற நம்பிக்கையில் யானைகளை மாற்றுவார்கள். பத்து நகர்த்தலுக்குள் கைகொடுத்து எழுந்துவிடுவார்கள். எந்தப் போட்டிக்குப் போனாலும் ஏதாவது ஒரு பலகையில் இது நடக்கிறது.

சிப்பாய் குறைவாக இருக்கிறவர் சிப்பாய்களைத்தான் மாற்ற வேண்டும், பெரிய காய்களை அல்ல. யானை இருக்கும்வரை பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் செக் கொடுத்து எதிராளியின் ராஜாவை அலைக்கழிக்கலாம். யானை போனபின் இரண்டு ராஜாக்கள் எந்தக் கட்டத்தில் நிற்கின்றன, யார் முறை என்பதுதான் மிச்சம். அங்கே ஒரு கட்டம் பிசகினால் திருத்த வழி கிடையாது.

பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை: ராஜா இ5, யானை டி1, சிப்பாய் இ4. கறுப்பு: ராஜா இ7, யானை ஏ8. கறுப்பின் முறை. யானையை டி8-க்குக் கொண்டுபோய் மாற்றக் கேட்டால் ஆட்டம் போச்சு. வெள்ளை டி8-இல் வெட்டும், கறுப்பு ராஜா வெட்டித் திரும்பும், உடனே வெள்ளை ராஜா டி6-இல் வந்து நிற்கும். கறுப்பு இ8-க்குப் போனால் வெள்ளை இ6. கறுப்பு டி8-க்கு விலகினால் வெள்ளை எஃப்7. அதன்பின் சிப்பாய் தடையின்றி ராணியாகும்.

அதே நிலையில் யானையை ஏ5-க்கு இறக்கி செக் கொடுங்கள். வெள்ளை தன் யானையை டி5-இல் குறுக்கே வைத்தால் தயங்காமல் வெட்டலாம். வெள்ளை ராஜாவால் வெட்டினால் கறுப்பு ராஜா டி7-இல் நேருக்கு நேர் நிற்கும், டிரா. சிப்பாயால் வெட்டினாலும் டி7-தான். சிப்பாய் டி6-க்கு வந்தால் ராஜா நேர் பின்னால் டி8-க்கு. இ8-க்கோ சி8-க்கோ போனால் தோல்வி. இரண்டு வழியிலும் யானைகள் மாறுகின்றன. எந்தக் கட்டத்தில் மாறுகின்றன என்பதில்தான் அரைப் புள்ளி இருக்கிறது.

ஆகவே வெட்டும் முன், காய்கள் போனபிறகு இருக்கப்போகும் நிலையை மனதில் நிறுத்தி மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எதிர்நிலை. ராஜாக்கள் நடுவில் ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நின்றால், நகர வேண்டியவருக்குத்தான் நஷ்டம். வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7 என்றால் வெள்ளையின் முறையில் டிரா, கறுப்பின் முறையில் வெள்ளைக்கு வெற்றி. சிப்பாய் இ3-இல் இருந்தால் வெள்ளையிடம் ஒரு உபரி நகர்த்தல் உண்டு. யார் முறையானாலும் வெள்ளைதான் ஜெயிக்கும்.

இரண்டாவது, சதுர விதி. வெள்ளைச் சிப்பாய் ஏ4-இல் தனியாக ஓடுகிறது என்றால் ஏ4, ஏ8, இ8, இ4 மூலைகளாக ஒரு சதுரம். கறுப்பு ராஜா தன் முறையில் அதற்குள் கால் வைத்தால் பிடித்துவிடும். எஃப்4-இல் நிற்கும் ராஜா, தன் முறை என்றால் பிடிக்கும். வெள்ளையின் முறை என்றால் பிடிக்காது. சிப்பாய் இரண்டாம் வரிசையிலேயே இருந்தால் மூன்றாம் வரிசையில் இருப்பதாக எண்ணுங்கள், முதல் அடி இரண்டு கட்டம் என்பதால்.

மூன்றாவது, ஓரச் சிப்பாய். பிஷப்பும் ஏ வரிசைச் சிப்பாயும் மட்டும் மிஞ்சி, வெள்ளையின் பிஷப் ஏ8-ஐத் தொட முடியாத நிறம் என்றால், கறுப்பு ராஜா அந்த மூலையில் உட்கார்ந்தாலே டிரா.

இதைப் படித்தால் வராது. மேலே சொன்ன யானை நிலையை வைத்து, ஆளுக்கு ஐந்து நிமிடக் கடிகாரத்தில், நிறம் மாற்றி மாற்றி ஒரு வாரம் ஆடுங்கள்.

ஆட்டம் முடிந்த கையோடு எஞ்சினைத் திறப்பது

எஞ்சின் என்றால் நகர்த்தல்களைக் கணக்கிடும் கணினி நிரல். முதலில் ஸ்கோர் ஷீட்டில், அதாவது நகர்த்தல்களை எழுதிய தாளில், நீங்களே மூன்று இடங்களைக் குறியுங்கள்: அதிக நேரம் யோசித்த இடம், பயந்த இடம், ஆட்டம் திரும்பிய இடம். அங்கே என்ன நினைத்தீர்கள் என்று எழுதிவிட்டு, அந்த மூன்றுக்கு மட்டும் எஞ்சினைக் கேளுங்கள். முதலிலேயே எஞ்சின் விடை சொல்லிவிட்டால், உங்கள் யோசனை எங்கே பிசகியது என்பது கடைசிவரை தெரியாது.

புதிர்களை ஊகித்துத் தட்டுவது

முழு வரிசையையும் தாளில் எழுதிய பிறகே முதல் காயைத் தொடுங்கள்.

கவிழ்த்து வைத்த யானை

சிப்பாய் கடைசி வரிசையை எட்டியதும் ராணிக்குப் பதில் யானையைக் கவிழ்த்து வைப்பார்கள். அது ராணி ஆகாது, யானைதான். ராணி கையில் இல்லையென்றால் கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரிடம் (நடுவரிடம்) கேளுங்கள்.

மூன்றாம் முறையை ஆடிவிட்டு டிரா கேட்பது

ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம். உங்கள் நகர்த்தலால் அதே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்றால் காயைத் தொடவே கூடாது. நகர்த்தலை ஸ்கோர் ஷீட்டில் எழுதி ஆர்பிட்டரிடம் சொல்ல வேண்டும். தொட்டுவிட்டால் அந்த முறைக்கு உரிமை போய்விடும்.

காலையில் மலை இறங்கி முதல் சுற்று ஆடுவது

கோவைப் போட்டிக்கு விடியற்காலை பஸ்ஸில் இறங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் போனில் புதிர் போட்டுக்கொண்டே போகிறார்கள். குமட்டலோடும் கம்பளிச் சட்டையோடும் பலகையில் உட்கார்ந்தால் சதுர விதி நினைவுக்கு வராது. முடிந்தால் முதல் நாள் மாலையே இறங்கிவிடுங்கள். முடியாவிட்டால் மேட்டுப்பாளையம் வரும்வரை போனை எடுக்காதீர்கள், உள்ளே பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தாமதமாக வருபவருக்கு எத்தனை நிமிடம் காத்திருப்பார்கள் என்று போட்டி அறிவிப்பில் முன்பே பார்த்துவிடுங்கள். அது சுழியம் என்று இருந்தால், மலைப்பாதையில் ஒரு லாரி நின்றாலே முதல் புள்ளி போய்விடும்.