அமைப்புக் கோப்பைத் திருத்த எடிட்டருக்கு ரூட் அதிகாரம் தேவையில்லை

லினக்ஸில் சாதாரணப் பயனர் கணக்கிலிருந்து எப்போதாவது ஓர் அமைப்புக் கோப்பைத் திருத்த நேர்ந்தால், எடிட்டரையே சூடோவுடன் (ரூட் எனும் முழு நிர்வாகியின் அதிகாரத்தில் நிரலை இயக்கும் கட்டளை) திறக்காமல், டெர்மினலில் ‘சூடோஎடிட்’ (sudoedit) என்ற கட்டளையையும், ஓர் இடைவெளி விட்டுக் கோப்பின் முழுப் பாதையையும் தட்டச்சு செய்யுங்கள்.

இக்கட்டளை கோப்பின் தற்காலிக நகல் ஒன்றை உங்கள் பெயரில் உருவாக்கி, எடிட்டரை உங்கள் வழக்கமான உரிமைகளுடனேயே திறக்கிறது. நீங்கள் சேமித்து மூடிய பிறகு, மாற்றம் இருந்தால் மட்டும் அதை ரூட் அதிகாரத்துடன் மூல இடத்தில் எழுதுகிறது. எனவே எடிட்டரும், அதில் நீங்கள் நிறுவியுள்ள செருகுநிரல்களும் ஒரு நொடிகூட ரூட்டாக இயங்குவதில்லை. வீட்டு அடைவிலுள்ள அமைவுக் கோப்புகள் ரூட்டின் உடைமையாக மாறி, பின்னர் எடிட்டர் தன் அமைவுகளையே சேமிக்க மறுக்கும் எரிச்சலும் நேராது. என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு காரணமே போதும்.

எந்த எடிட்டர் திறக்க வேண்டும் என்பதை ‘சூடோ_எடிட்டர்’ (SUDO_EDITOR) என்ற சூழல் மாறியில், அதாவது நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைவு மதிப்பில், குறிப்பிடலாம். விஎஸ் கோடு போன்ற வரைகலை எடிட்டராயின் ‘வெயிட்’ (--wait) என்ற தெரிவையும் சேர்க்க வேண்டும். இல்லையெனில், எடிட்டர் திறந்த உடனேயே திருத்தம் முடிந்துவிட்டதாகக் கட்டளை கருதிவிடும்.

சூடோவின் சொந்த அமைவுக் கோப்பான சூடோயர்ஸுக்கு இம்முறை பொருந்தாது. அதில் ஒரு பிழை நேர்ந்தால் சூடோவே இயங்காமல் போகக்கூடும் என்பதால், சேமிக்கும் முன் இலக்கணத்தைச் சரிபார்க்கும் ‘விசூடோ’ (visudo) கட்டளையையே அதற்குப் பயன்படுத்துங்கள். வேறொரு கோப்பைச் சுட்டிக்காட்டும் குறியீட்டு இணைப்புகளையும் சூடோஎடிட் இயல்பாக ஏற்பதில்லை. அவற்றுக்கு மூலக் கோப்பின் பாதையைக் கொடுக்க வேண்டும்.