புது லேஅவுட்டில் குடிநீர் லைனும் தீயணைப்பு ஹைட்ரண்டும்: குழாய் அளவிலிருந்து சோதனை வரை

லேஅவுட்டுக்குக் குழாய் அளவை முடிவு செய்யும்போது குடிநீர்த் தேவையை மட்டும் பார்த்தால், பின்னால் எத்தனை ஹைட்ரண்ட் (தீயணைப்பு வண்டி தண்ணீர் பிடிக்கும் குழாய்முனை) நட்டாலும் அவற்றில் வேகமாகத் தண்ணீர் வராது. தீயணைப்பு வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

200 மனை, வீட்டுக்கு 4.5 பேர் என்றால் 900 பேர். பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களுக்கு மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ.வின் கையேடு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்கிறது. கசிவுக்கு 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 1.4 லட்சம் லிட்டர். நாள் முழுதும் தண்ணீர் விடுவதாக வைத்து, காலை நேர நெரிசலுக்கு 3 மடங்கு எடுத்தாலும் விநாடிக்கு 5 லிட்டரைத் தாண்டாது. இதற்கு 100 மி.மீ. குழாயே தாராளம்.

இப்போது தீயணைப்பைப் பாருங்கள். வழக்கமான வண்டியில் 4,500 லிட்டர் பிடிக்கும். அதை 5 நிமிடத்தில் நிரப்ப நிமிடத்துக்கு 900 லிட்டர், அதாவது விநாடிக்கு 15 லிட்டர் வேண்டும். மேல்நிலை டேங்கிலிருந்து 500 மீட்டர் தள்ளியுள்ள முனைக்கு இந்த அளவு போனால் 100 மி.மீ. டி.ஐ. (டக்டைல் இரும்பு) குழாயில் உராய்வில் மட்டும் 17 மீட்டர் அழுத்தம் (17 மீட்டர் உயர நீரின் அழுத்தம்) தொலையும். டேங்கின் அடித்தளமே தரையிலிருந்து 12 மீட்டர்தான் என்றால் அங்கே அந்த அளவு வரவே வராது. 150 மி.மீ. போட்டால் இழப்பு 2.5 மீட்டர்தான். அதையும் முட்டுச்சந்தாக விடாமல் இரு பக்கமும் இணைத்து வளையமாக்கினால், நீர் இரண்டாகப் பிரிந்து வந்து இழப்பு இன்னும் கால்பங்காகக் குறையும். விலை வித்தியாசத்துக்குப் பயந்து இந்த ஒரு இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கையேட்டில் தீயணைப்புக்கான சூத்திரம் உண்டு. ஆயிரக்கணக்கில் எழுதிய மக்கள்தொகையின் வர்க்கமூலத்தை 100ஆல் பெருக்கினால் நாளுக்குத் தேவையான கிலோலிட்டர் கிடைக்கும். ஆனால் அது 50,000 பேருக்கு மேற்பட்ட ஊர்களுக்கு. தனி லேஅவுட் அதில் சிக்காது என்பதால் எஸ்டிமேட்டில் இந்தத் தலைப்பே இல்லாமல் போய்விடுகிறது. நீங்களாகச் சேர்த்தால்தான் உண்டு.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சிக்கல். தண்ணீர் காலையில் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான் திறக்கப்படும். பிறகு டேங்கடி வால்வை மூடிவிடுவார்கள். அதற்குப் பின்னால் உள்ள ஹைட்ரண்டெல்லாம் காய்ந்து கிடக்கும். தீர்வு, வால்வு வைக்கும் இடத்தில் இருக்கிறது. 150 மி.மீ. வளையத்தை எந்நேரமும் தண்ணீர் நிறைந்த நிலையில் விட்டு, ஸ்லூஸ் வால்வுகளை (தண்ணீரைத் திறந்து மூடும் கதவு வால்வு) தெருக்களுக்குப் பிரியும் கிளைகளின் தொடக்கத்தில் வையுங்கள். நேரம் வைத்துத் திறந்து மூடுவது கிளைகளில் மட்டும். ஹைட்ரண்ட் எல்லாம் வளையத்திலிருந்தே பிரிய வேண்டும், கிளையிலிருந்து ஒன்றுகூடக் கூடாது.

டேங்கிலும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு மணி நேரத் தீயணைப்புக்கு 54,000 லிட்டர் இருப்பு வேண்டும். அன்றாட அவுட்லெட்டை அந்த மட்டத்துக்கு மேலே வையுங்கள். அடியில் இன்னொரு அவுட்லெட் எடுத்து அதே மெயினில் சேர்த்து, அதன் வால்வை மூடியே வைத்து, அதற்குச் சிவப்பு வண்ணம் அடியுங்கள். உள்வரும் குழாயை டேங்கின் அடிவரை இறக்கினால் இருப்பு நீர் தேங்கிக் கெடாமல் புதுநீரோடு கலந்துகொண்டே இருக்கும்.

ஹைட்ரண்டைத் தெருக்கள் சந்திக்கும் முனையில், வண்டி நெருங்கி நிற்கும்படி நடுங்கள். 100 மீட்டருக்கு ஒன்று இருந்தால் ஹோஸ் இழுக்கும் நேரம் மிச்சம். தரைக்கடியில் வைக்கும் வகை, அடுத்த முறை ரோடு போடும்போது தாருக்குள் புதைந்துவிடும்; ஐ.எஸ். 908 என்ற இந்தியத் தரத்திலுள்ள கம்ப வகையே மேல். 63 மி.மீ. இரட்டை வாய் உள்ளதாக வாங்குங்கள். ஒற்றை ஹோஸில் 900 லிட்டரும் போனால் 15 மீட்டர் நீளத்திலேயே 5 மீட்டர் அழுத்தம் போய்விடும். ஹோஸ் மாட்டும் கப்ளிங் பொருந்துகிறதா என்று வாங்குவதற்கு முன் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் காட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஹைட்ரண்டுக்கு முன்னாலும் தனி ஸ்லூஸ் வால்வு வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாஷர் மாற்றவே வளையத்தில் தண்ணீரை நிறுத்த வேண்டிவரும்.

குழாய்க்கு மேல் 1 மீட்டர் மண் இருக்கட்டும். சாக்கடைக் குழாயிலிருந்து பக்கவாட்டில் 3 மீட்டர் தள்ளிப் போடுங்கள். குறுக்கே கடக்கும் இடத்தில் அரை மீட்டர் மேலே. வளைவு, டீ (மூன்று பக்கம் பிரியும் இணைப்பு), முனைமூடி எல்லாவற்றுக்கும் பின்னால், நீரின் தள்ளுவிசையைத் தாங்கும் கான்கிரீட் த்ரஸ்ட் பிளாக் கட்டாயம். சதுர செ.மீ.க்கு 6 கிலோ அழுத்தத்தில் 150 மி.மீ. முனைமூடியை ஒரு டன்னுக்கு மேற்பட்ட விசை தள்ளும். சோதனையின்போது ஜாயின்ட் கழன்று வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிளாக்கின் முதுகு தோண்டாத இறுகிய மண்ணில் சாய்ந்திருக்க வேண்டும். தளர்ந்த மண்ணில் கட்டினால் பிளாக்கும் சேர்ந்தே நகரும். மேட்டில் காற்றை வெளியேற்றும் ஏர் வால்வு, தாழ்வில் வண்டலை வெளியேற்றும் ஸ்கவர் வால்வு.

ரோடு போடுவதற்கு முன்பே, வேலை அழுத்தத்தை (வழக்கமாகக் குழாயில் இருக்கும் அழுத்தம்) போல ஒன்றரை மடங்கில் சோதியுங்கள். ஜாயின்ட்டுகளை மூடாமல் விட்டு, காற்று முழுக்க வெளியேறிய பிறகு அழுத்தத்தை ஏற்றுங்கள். காற்று தங்கியிருந்தால் கேஜ் ஆடிக்கொண்டே இருக்கும், கசிவு எது என்று தெரியாது. பிறகு நன்றாக அலசி குளோரின் ஏற்ற வேண்டும். 500 மீட்டர் நீள 150 மி.மீ. லைனில் சுமார் 8,800 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 25 மில்லிகிராம் குளோரின் என்றால், 25 சதவீதச் சத்துள்ள பிளீச்சிங் பவுடர் 900 கிராம் போதும். 24 மணி நேரம் நிறுத்தி வைத்து, வெளியேற்றி, மறுபடி அலசி, நீர் மாதிரியை லேபுக்கு அனுப்புங்கள்.

கடைசியாக ஓட்டச் சோதனை. காலை நெரிசல் நேரத்தில், டேங்கிலிருந்து மிகத் தொலைவில் உள்ள ஹைட்ரண்டில் ஹோஸ் மாட்டி 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை நிரப்புங்கள். 33 விநாடியில் நிரம்பினால் 900 லிட்டர் ஓட்டம் சரி. 50 விநாடி ஆனால் 600தான். பாதி திறந்த வால்வையோ, உள்ளே சிக்கிய கல், சிமென்ட் கட்டியையோ தேடுங்கள்.

சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கும்போது வால்வு, ஹைட்ரண்ட் இருக்கும் இடங்களை அளவோடு குறித்த வரைபடத்தில் ஒன்றை அவர்களுக்கும் இன்னொன்றைத் தீயணைப்பு நிலையத்துக்கும் கொடுங்கள். சிவப்பு வால்வு எங்கே இருக்கிறது என்று டேங்க் ஆபரேட்டருக்கு நேரில் காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஹைட்ரண்டையும் முழுதாகத் திறந்து மூடி, ஸ்பிண்டிலுக்கு (திருகும் தண்டு) கிரீஸ் தடவி, ரப்பர் வாஷரைப் பார்த்துவிட வேண்டும்.