கன்ட்ரோலருக்காகக் காத்துக் கிடந்த வண்டி

மேலூர்ப் பக்கத்திலிருந்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மல்லிகை ஏற்றிச் செல்லும் என் மின்சார மூன்று சக்கர வண்டி, அடைமழைக்குப் பிறகு ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் நகர மறுத்தது. மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கன்ட்ரோலர் பழுது என்று சர்வீஸ் நிலையத்தில் சொல்லி, புதியது வெளிமாநிலத்திலிருந்து வர வேண்டும் என்று வாரக்கணக்கில் காக்க வைத்தார்கள். அரும்பு விரிவதற்குள் சந்தை சேர வேண்டிய சரக்குக்கு வாடகை வண்டி பிடித்தே வருமானம் கரைந்தது.

பொறுக்க முடியாமல் நானே சோதித்தேன். ஆக்ஸிலரேட்டருக்கு 5 வோல்ட் சரியாக வந்தது. முறுக்கும்போது அதன் சிக்னல் 1 வோல்ட்டுக்குக் கீழிருந்து 3.5 வோல்ட்டைத் தாண்டிச் சீராக ஏறியது; ஆக, ஆக்ஸிலரேட்டரில் குறை இல்லை. ஆனால், பிரேக்கில் கால் வைக்காதபோதும் பின்னால் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. பிரேக் பெடலில் உள்ள ஸ்விட்ச், விளக்கை எரிய விடுவதோடு மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தையும் நிறுத்தும்படி கன்ட்ரோலருக்குச் சொல்வதால், மழைநீரில் துருவேறி அது ஒட்டிக்கொண்டால் வண்டி அசையாது. நிறுத்திய நிலையில் அதன் கனெக்டரை மட்டும் கழற்றிப் பார்த்ததும் சக்கரம் சுழன்றது.

அப்படியே ஓட்டுவது ஆபத்து; பிரேக் விளக்கு எரியாது, பிரேக் பிடித்தாலும் மோட்டார் இழுக்கும். ஆகவே மதுரையில் எளிதாகக் கிடைத்த சாதாரண ஸ்விட்ச் ஒன்றை மாட்டி, கனெக்டரைத் துடைத்து, நீர் புகாதபடி ரப்பர் உறை போட்டேன். கன்ட்ரோலர் ஆர்டரை அன்றே ரத்து செய்யச் சொன்னேன்.