ஒரு நாவலில் கதாபாத்திரம் மாறுவதைக் கண்டுபிடிப்பது எப்படி? பிப்பின் கைகளை வைத்து ஒரு பயிற்சி

சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' பாடமாக வந்தால், கதாநாயகன் பிப் எப்படி மாறுகிறான் என்ற கேள்வி எங்காவது வந்துவிடும். கைடில் பதில் தயாராக இருக்கும்: முதலில் அப்பாவி, பணம் வந்ததும் திமிர், கடைசியில் திருந்திவிடுகிறான். வியாசர்பாடியில் ஞாயிற்றுக்கிழமை என்னோடு நாவல் படிக்க வரும் பி.ஏ. பிள்ளைகளும் முதல் வாரம் இதையேதான் எழுதுவார்கள். தப்பில்லை. ஆனால் பாதித் தமிழ்ப் படங்களுக்கும் இந்தப் பதில் பொருந்தும். இதை எழுத நாவலைத் திறக்கவே வேண்டாம்.

நாவலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத ஒரு வழி சொல்கிறேன். ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். புத்தகத்துக்குப் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். காப்புரிமை முடிந்த நாவல் என்பதால் இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. சுருக்கிய பதிப்பு மட்டும் வேண்டாம். நமக்கு வேண்டிய சின்ன விஷயங்களைத்தான் அதில் முதலில் வெட்டுவார்கள்.

படி 1: குணத்தை விடுங்கள், ஒரு பொருளைப் பிடியுங்கள்

'திமிர்', 'அன்பு' என்று தேடினால் கண்ணில் எதுவும் சிக்காது. கதையில் திரும்பத் திரும்ப வருகிற, கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்த நாவலுக்குக் கைகள். கை என்று வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, அத்தியாய எண்ணை நோட்டில் குறியுங்கள். மொத்தம் 59 அத்தியாயம், அதனால் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை வார இதழில் தொடராக வந்த கதை. அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தாலும் குறையாது.

படி 2: மூன்று இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

8ஆம் அத்தியாயம். பணக்கார வீட்டில் வளரும் எஸ்டெல்லா என்ற சிறுமி சீட்டு விளையாடும்போது, பிப்பின் கை எவ்வளவு முரடு, பூட்ஸ் எவ்வளவு தடிமன் என்று ஏளனம் செய்கிறாள். அதுவரை அவன் தன் கையைப் பற்றி வெட்கப்பட்டதே இல்லை. அவள் சொன்ன பிறகுதான் அது அவனுக்கே அசிங்கமாகத் தெரிகிறது.

இதைப் படித்தபோது ஒரு பையன் சட்டென்று நிமிர்ந்தான். அவன் அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகாது, கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் கையை மடித்தே வைத்திருப்பார் என்றான். அப்புறம் நான் விளக்க ஒன்றும் மிச்சமில்லை.

39ஆம் அத்தியாயம். பிப்புக்கு 23 வயது, லண்டனில் கனவானாக இருக்கிறான். அவனுக்கு ரகசியமாகப் பணம் அனுப்பியது யார் என்று அன்றிரவு தெரிகிறது: சின்ன வயதில் அவன் சாப்பாடும் அரமும் திருடிக் கொண்டுபோய்க் கொடுத்த கைதி மாக்விச். அவர் ஆசையாக இரண்டு கைகளையும் நீட்டுகிறார். பாம்பு தொட்டதுபோல் பிப் பின்வாங்குகிறான்.

56ஆம் அத்தியாயம். நீதிமன்றம். 32 பேருக்கு ஒன்றாகத் தண்டனை வாசிக்கிறார்கள். கைதிக் கூண்டுக்கு வெளியே, ஊரே பார்க்க, பிப் அதே மாக்விச்சின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

8இல் வெட்கம், 39இல் அருவருப்பு, 56இல் பிடிப்பு. உங்கள் பதிலின் முதுகெலும்பு இதுதான். 'திருந்தினான்' என்ற வார்த்தையே தேவைப்படாது.

படி 3: யார் பேசுகிறார் என்று பாருங்கள்

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. கதையைச் சொல்வது வளர்ந்த பிப். 27ஆம் அத்தியாயத்தில் ஜோ லண்டனுக்கு வருகிறார். அக்கா புருஷன், கொல்லுப்பட்டறைக்காரர், எடுத்து வளர்த்தவர். காசு கொடுத்தால் அவரை வராமல் தடுக்கலாம் என்றால் கட்டாயம் கொடுத்திருப்பேன் என்று பிப்பே ஒப்புக்கொள்கிறான். படித்ததும், "பாவம், அப்பவே உணர்ந்துட்டான்" என்று எழுதிவிடாதீர்கள். உணர்ந்தவன் பல வருஷம் கழித்துச் சொல்கிறவன். ஜோ எதிரில் உட்கார்ந்திருந்தவன், அவர் தொப்பி விழுந்துகொண்டே இருப்பதைப் பார்த்து எரிச்சல்தான் பட்டான். நோட்டுப் பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரியுங்கள்: செய்தவன், சொல்பவன்.

படி 4: கணக்குக்கு ஒத்துவராததைத் தேடுங்கள்

37ஆம் அத்தியாயத்தில், கடனில் மூழ்கி ஆடம்பரமாக வாழும் அதே பிப், நண்பன் ஹெர்பர்ட்டுக்குத் தெரியாமல் அவனுக்குத் தொழிலில் பங்கு வாங்கித் தர ஏற்பாடு செய்கிறான். கைடின் 'திமிர்' பகுதியில் இதை எங்கே வைப்பது? வைக்க இடமிருக்காது. எனக்கு நாவலிலேயே பிடித்த இடம் இது. நல்லது செய்யும் பழக்கம் அவனிடம் போகவே இல்லை. வெட்கம்தான் ஜோவின் பக்கம் மட்டும் கதவைச் சாத்தியது.

படி 5: மாறாத ஒருவரை அளவுகோலாக வையுங்கள்

ஜோ, பிடி (Biddy) என்ற ஊர்ப் பெண்ணிடம் எழுதக் கற்றுக்கொள்கிறார், அவ்வளவுதான் மாற்றம். 57ஆம் அத்தியாயத்தில் காய்ச்சலில் கிடக்கும் பிப்பைப் பார்த்துக்கொள்ளும்போது உரிமையோடு பேசுகிறார். அவன் தேறத் தேற மறுபடி 'சார்' போடுகிறார். கடைசியில் அவன் கடனை அடைத்துவிட்டு, விடியற்காலையில் சொல்லாமல் ஊருக்குப் போய்விடுகிறார். பிப் மாறிவிட்டான், ஆனால் அதை நம்ப ஜோவுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சரி, நீங்களாகச் செய்ய ஒன்று: வழக்கறிஞர் ஜாகர்ஸ். கட்சிக்காரர் போனதும் வாசனை சோப்பு போட்டுக் கை கழுவுகிறவர். அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, 51ஆம் அத்தியாயம் வரை குறித்துக்கொண்டு வாருங்கள். அங்கே எஸ்டெல்லாவின் பிறப்பைப் பற்றி அவர் சொல்வதைப் படித்துவிட்டு, இந்த மனிதர் மாறினாரா, இல்லை முதலிலிருந்தே இப்படித்தானா என்று ஒரு பத்தி எழுதுங்கள்.