பரீட்சைக் காப்பி: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் ஈரோடு, நாமக்கல் பக்கம் பல வீடுகளில் இதே காட்சிதான். டியூஷன் முடிந்து அசந்து வரும் பிள்ளையிடம், "கண்ணு, ஒரு காப்பியக் குடிச்சுப்போட்டு உக்காந்து படி" என்று டம்ளரை நீட்டுவார்கள். போன வருஷம் அக்காவுக்குச் செய்ததையே இந்த வருஷம் தம்பிக்கும் செய்வார்கள்.

ஏழு மணிக் காப்பி

மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது இதுதான். டிகாக்‌ஷன் தாராளமாக விட்ட ஒரு டம்ளர் ஃபில்டர் காப்பியில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். அதில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஏழு மணிக்குக் குடித்தால் நள்ளிரவிலும் ஒரு டீ அளவு கஃபீன் உடம்பில் மிச்சம் இருக்கும்.

விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கம் கண்ணைக் கட்டும். அது போய் ஒட்டும் இடத்தைக் கஃபீன் பிடித்துக்கொள்கிறது. அசதி தீர்வதில்லை, தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். "எம்பையன் காப்பி குடிச்சாலும் நல்லாத் தூங்குவானுங்க" என்பார்கள். தூங்குவான், ஆழ்ந்த தூக்கம் குறைந்திருக்கும். பகலில் படித்தது மனதில் பதிய அந்தத் தூக்கம் வேண்டும். படிப்பதற்கென்று கொடுத்த காப்பியே படிப்பைக் கெடுப்பதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

இந்த வயதில், தூக்க நேரம் வந்துவிட்டதென்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோன் சுரப்பதே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. காப்பியும் சேர்ந்தால் தூங்கப் பன்னிரண்டாகிவிடும். நாலரைக்கு அலாரம் வைத்தால் எப்படி? 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டிய வயது.

பள்ளி நாளில் காலைக் காப்பி ஒன்றோடு நிறுத்துங்கள். லீவு நாளிலும் மதியம் 2 மணிக்குமேல் வேண்டாம். சாயங்காலம் அசதியாக இருந்தால், ஐந்தரைக்குள் 20 நிமிஷம் படுத்து எழட்டும்.

ஒரே நாளில் நிறுத்துவது

தலைவலி வரும். நாலு நாளைக்கு ஒருமுறை டிகாக்‌ஷனைக் கால்வாசி குறைத்துப் பாலைக் கூட்டுங்கள். தேர்வு வாரத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள்.

பேக்கரி டீ

அதிலும் கஃபீன்தான்.

எனர்ஜி டிரிங்க்

குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது.

சுக்குமல்லிக் காப்பி

சுக்கு, மல்லி, கருப்பட்டி மட்டும் என்றால் ராத்திரியும் தரலாம். சிலர் காப்பித்தூளும் கொஞ்சம் சேர்ப்பார்கள். கடையில் கேட்டு வாங்குங்கள்.

ஞாயிறு மத்தியானம் வரை தூக்கம்

அன்று ராத்திரி ஒரு மணிவரை புரள்வான். திங்கள் காலை ஏழுக்கு ஸ்கூல் பஸ் வந்துவிடும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்க விடுங்கள், போதும். எழுந்ததும் 20 நிமிஷம் வாசல் வெளிச்சத்தில் இருக்கட்டும். அப்போதுதான் ராத்திரித் தூக்கம் நேரத்தோடு வரும்.